பீரங்கி மேல போட்ட பழி

யாரு சார் சொன்னது, அமைதியான பொண்ணுன்னு? எதிர்த்த வீட்டு ராசாமணியா? பச்சைப் பெயின்ட் அடிச்ச வீடு, அவன்தானே? நெனச்சேன். நீங்க அவன் வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே நெனச்சேன், இந்தப் பய இன்னைக்கு எம் மருமக சோத்துல மண்ணள்ளிப் போடப்போறான்னு. அமைதியான பொண்ணு, பயந்த சுபாவம், யாரையும் நிமிந்து பாக்காது... இப்பிடியெல்லாமா சொன்னான்? நீங்களும் அதை அப்பிடியே எழுதிக்கிட்டீகளா? அழிங்க சார். மொதல்ல அதை அழிங்க.

அவ போறது விமானப் படைக்கு. அதுவும் ஆபீசரா. பயந்த பொண்ணுன்னு போலீஸ்காரக எழுதிக் குடுத்தா எவன் சார் எடுப்பான்? சண்டை போடுற வேலைக்குச் சண்டை போடத் தெரிஞ்ச ஆளைத்தானே எடுப்பாக? அதான் ராசாமணி வேலை. பட்டும் படாம, நல்லது சொல்ற மாதிரியே சொல்லிக் கவுத்துவிட்ருவான்.

மோரைக் குடிங்க. எங்கக்கா காமுத்தாயும் மருமகளும் டவுனுக்குப் போயிருக்காக, ஏதோ செராக்ஸ் எடுக்கணுமாம், போட்டோ எடுக்கணுமாம். பன்னண்டு மணி பஸ்ல வந்துருவாக. அக்கா போகும்போது படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுத்தான் போச்சு. 'டே பரமா, ஸ்டேசன்லருந்து ரஞ்சனியைப் பத்தி விசாரிக்க ஆள் வரும். உக்காரச் சொல்லு, மோர் குடு, வாயை மட்டும் தொறந்துறாத'ன்னு. நானும் தொறக்கிறதா இல்லை சார். சாமி சத்தியமாச் சும்மாதான் உக்காந்திருந்தேன். நீங்கதான் 'பொண்ணு ரொம்ப அமைதியாமே'ன்னு கேட்டீக. அதுக்கப்பறம் எப்பிடிச் சார் வாயை மூடிக்கிட்டு இருக்கிறது?

கேசு கீசு ஒண்ணும் கிடையாது. அதை எழுதிக்கங்க. பேரு சிவரஞ்சனி. அப்பன் இல்லை, லாரி ஓட்டுனாரு, இவ நாலாப்புப் படிக்கும்போது போய்ச் சேந்துட்டாரு. அன்னையிலருந்து தாய்மாமன் நான்தான் எல்லாம். கிடாக்காரப் பரமன்னு இந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்லுவாக. சண்டைக் கிடா வளக்கிறவன். இந்தா, இந்தச் செவுத்துல மாட்டியிருக்கே கொம்பு, இது பீரங்கியோடது. என்னா சுத்து சுத்தியிருக்கு பாருங்க. எழுபது முட்டு முட்டுவான் சார் ஒரு மூச்சுல.

பங்குனியில கம்மாய்க்குள்ள நடந்த கிடாமுட்டுல நீங்க இருந்திருக்கணும். தடைன்னு தெரியும், அதை எழுதாதீக. ரெண்டு கிடாவும் இருபதடி பின்னால போய், தலையைத் தாழ்த்தி ஓடி வந்து நெத்திக்கு நெத்தி மோதுச்சுன்னா, பாக்குறவன் மண்டைக்குள்ள கேக்கும் அந்தச் சத்தம். எதுத்து நின்னது ராசாமணி கிடா. முப்பதாவது முட்டுல அதுக்கு மூக்குல ரத்தம். நாப்பதுல ஒரு கொம்பு அடியோட பேந்து தொங்குது. 'போதும்டா பரமா, புடிடா கிடாவை'ங்கிறான் ராசாமணி. நான் புடிக்கலை. புடிக்கிறதுக்கா வளத்தேன்? நாப்பத்திமூணாவது முட்டுல அவன் கிடா மண்டை பொளந்து மண்ணுல விழுந்து காலை இழுத்துக்கிருச்சு. ராசாமணி அதோட தலையை மடியில வச்சுக்கிட்டு அழுகுறான் சார், கூட்டத்துக்கு நடுவுல, ஆம்பளை. அன்னையிலருந்து அவனுக்கு எங்க மேல காண்டு.

அந்தப் பீரங்கிய ஓட்டம் விட்டுப் பழக்கினது யாருன்னு நெனைக்கிறீக? எம் மருமகதான். மதுரையில பி.எஸ்சி. படிச்சுக்கிட்டே ஆபீசர் பரிச்சைக்கும் படிச்சா. ஓடிப் பழகணும்னு விடியக்காலம் கம்மாய்க் கரையில ஓடுவா. கிடாவுக்கும் ஓட்டம் வேணும்ல? 'தாயி, இவனையும் கூட்டிக்கிட்டுப் போ'ன்னு கயித்தைக் குடுத்துருவேன். அவ முன்னால, அவன் பின்னால. திரும்பி வந்தா தன் கையாலேயே பருத்திக்கொட்டை ஊற வச்சு அவனுக்குக் குடுப்பா. அவன் கொம்பைப் புடிச்சுக்கிட்டு இங்கிலீசுல வேற பேசுவா. ஆக, அவளை ஓட வச்சது பீரங்கி. பீரங்கிய வளத்தது நானு. கணக்குப் பண்ணிப் பாருங்க.

சித்திரையில இந்த ராசாமணி மகன் ஒருநா அவ பேன்ட் போட்டு ஓடுறதைச் செல்லுல வீடியோ எடுத்து, பாட்டுப் போட்டு, ஊர் பூரா அனுப்பிவிட்டான். பொறுக்குமா? கம்மாய் மடைகிட்ட வச்சுப் புடிச்சேன். செல்லை வாங்கித் தண்ணிக்குள்ள எறிஞ்சேன். எந்தக் கைடா எடுத்துச்சுன்னு கேட்டேன். பய வலது கைய நீட்டுறான், முட்டாப்பய. மடைக்கல்லு மேல அந்தக் கைய வச்சு, இன்னொரு கல்லைத் தூக்கி ஒரே போடு. அவன் கத்துன கத்துல கொக்கெல்லாம் எந்திரிச்சுப் பறந்துருச்சு. ரெண்டு விரல் இன்னைக்கும் மடங்காது. சாப்புடும்போதெல்லாம் என்னைய நெனைப்பான்.

அதுக்கு எம் மருமக என்னா செஞ்சாங்கிறீக? ஓடி வந்து எங்கால்ல விழுந்து மாமான்னு அழுதிருக்கணுமா இல்லையா? ம்ஹூம். துப்பட்டாவக் கிழிச்சு அந்தப் பய கையைக் கட்டி, அவன் வண்டியிலயே அவனைப் பின்னால உக்கார வச்சு, இவளே ஓட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா. திரும்பி வந்து எம்முன்னாடி நின்னு சொல்றா, 'மாமா, இனிமே எம் பேரைச் சொல்லி யார் மேலயும் கை வைக்காதீங்க. கேசு ஆனா எனக்கு வேலை கிடைக்காது'ன்னு. கேசாவது ஒண்ணாவது, ராசாமணி ஸ்டேசன் பக்கமே போகலை. எனக்குப் பயந்துக்கிட்டுத்தான். வேறென்ன காரணம் இருக்கமுடியும்?

ஆங்... அமைதியான பொண்ணான்னுல்ல கேட்டீக. அதுக்குத்தான் வர்றேன்.

ஆடி மாசம் பரிச்சை பாஸுன்னு வந்துச்சு. மைசூருல அஞ்சு நாள் தங்கவச்சு ஆளை அலசிப் பாப்பாகளாம், அதுக்கு வரச் சொல்லிக் காயிதம். எனக்கு அப்ப இதெல்லாம் தெரியாது சார். பரிச்சை எழுதுறா, பொழுது போகட்டும்னு விட்டிருந்தேன். எம் மகன் தங்கமாயன் இருக்கான், லோடு ஆட்டோ வச்சிருக்கான். உரிமைப் பொண்ணு. ஆவணியில கல்யாணம்னு நானே மனசுல நாள் குறிச்சு, மண்டபத்துக்கும் சொல்லிவிட்டேன். இவகிட்டக் கேட்டேனான்னா கேக்கலை. கேக்கிறதென்ன, தெரியாதா அவளுக்கு?

'மாமா, நான் மைசூரு போறேன், கல்யாணமெல்லாம் வேண்டாம்'னுட்டா. அக்காவும் பக்கத்துல நின்னுக்கிட்டு 'போயிட்டு வரட்டும்டா'ங்குது. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். அந்தக் காயிதத்தை வாங்கிக் கிழிச்சு அடுப்புல போட்டேன். எனக்கென்ன தெரியும், அதை பிரவுசிங் சென்டர்ல எத்தனை வேணாலும் எடுக்கலாமாம். இவ மூணு எடுத்து வச்சிருக்கா. அடுத்த நா பையைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு வந்துட்டா.

ரெண்டு தட்டு தட்டினேன். சும்மா ரெண்டே தட்டு. ஒதடு கிழிஞ்சுருச்சு, அவ்வளவுதான். அவ பையை விடலை. சரி, ஒரு காலை ஒடிச்சு உக்கார வச்சா மைசூரு எப்பிடிப் போவான்னு உள்ள போயி உலக்கையைத் தூக்கிக்கிட்டு வந்தேன். பெரிசா ஒண்ணும் இல்லை சார், முட்டிக்குக் கீழ ஒரு அடி, ஒரு மாசத்துல கூடியிரும், கல்யாணத்துக்கு நடந்துருவா. அதெல்லாம் யோசிச்சுத்தான் செஞ்சேன். எங்கக்கா குறுக்க வந்து விழுந்துருச்சு. எனக்கு அக்காதான், ஆனா ஆத்திரத்துக்கு அக்கா தங்கச்சி தெரியுமா? கொண்டையைப் புடிச்சு இழுத்து வாசல்ல போட்டு ரெண்டு மிதி மிதிச்சேன். ஒரு பல்லு போச்சு. ஏற்கனவே ஆடிக்கிட்டிருந்த பல்லுதான்.

'அம்மாவை விடுங்க மாமா'ன்னா. நான் விடலை. 'விடுங்க மாமா'ன்னா மறுபடி. சத்தமே போடலை சார், வகுப்புல பேரு கூப்புடுற டீச்சர் மாதிரி சொன்னா. மூணாவது தடவையும் சொன்னா. நான் முடியைச் சுத்திப் புடிச்சிருக்கேன், குனிஞ்சிருக்கேன், அவ எங்க போனான்னு பாக்கலை. பீரங்கிய வாசல் ஓரத்துல கட்டியிருந்தேன். அந்த முளைக்குச்சி இருக்கே, கருவேல முளை, எங்கை தண்டி இருக்கும். ரெண்டு ஆம்பளை சேந்து அசைச்சாத்தான் வரும். அதை ஒத்தையில புடுங்கிட்டா சார்!

மொத அடி உலக்கை புடிச்சிருந்த பக்கத்துத் தோள்ல. காறை எலும்பு ரெண்டு துண்டு. 'படக்'குன்னு ஒடைஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு. கண்ணெல்லாம் இருட்டிக்கிட்டு வந்துருச்சு. அப்பவும் இந்தக் கையால அக்கா முடியை விடலை பாருங்க. ரெண்டாவது அடி அந்த மணிக்கட்டுல. விட்டுட்டேன். மூணாவது அடி வெலாவுல. மண்ணுல குப்புற விழுந்தேன். வாய்க்குள்ள ரத்தமும் மண்ணும். நிமிந்து பாத்தா, தலைக்கு மேல முளையை ஓங்கிக்கிட்டு நிக்கிறா. முகத்துல கோவமே இல்லை. 'எந்திரிக்காதீங்க மாமா. எந்திரிச்சா இன்னொண்ணு விழும்'ங்கிறா.

நான் எந்திரிக்கலை சார். என் வயசுக்கு எத்தனை வெட்டுக்குத்து பாத்திருக்கேன், எவன் சொல்லியும் நான் விழுந்த எடத்துல கெடந்ததில்லை. அன்னைக்குக் கெடந்தேன். இவளையா அமைதியான பொண்ணுங்கிறான் ராசாமணி? எழுதிக்கங்க. மூணே அடி. ஒண்ணுகூட வீண் இல்லை. இப்பிடி ஒரு ஆபீசர் கிடைக்குமா அவுகளுக்கு?

அதுக்குள்ள சனம் கூடிருச்சு. முளை புடுங்குனதுல பீரங்கி கயித்தோட அவுந்து என் பக்கத்துல வந்து நின்னு மோந்து பாத்துக்கிட்டிருக்கான். 'என்னாச்சு பரமா?'ங்கிறாக. பொட்டப்புள்ள அடிச்சு விழுந்து கெடக்கேன்னு எந்த வாயால சொல்றது? 'கிடா முட்டிருச்சு'ன்னேன். நம்பிட்டாக. ராசாமணி மட்டும் ஒண்ணும் பேசலை. அவன் வாசல்லதான் நின்னுக்கிட்டிருந்தான், மொதல்லருந்து பாத்திருப்பான். ஆனா இந்த நிமிசம் வரைக்கும் வாயைத் தொறக்கலை. அம்புட்டுப் பயம் எம்மேல.

ஆஸ்பத்திரியில உங்க ஆளு ஒரு ஏட்டய்யா வந்தாரு. எப்பிடிக் காயம்னு கேட்டு எழுதினாரு. எம் மருமக கட்டில் தலைமாட்டுல நிக்கிறா, கிழிஞ்ச ஒதட்டோட. அவரு அவ பக்கம் திரும்பினாரு. அவ வாயைத் தொறக்கப் போறா, எனக்குத் தெரிஞ்சுருச்சு. 'கிடாதான்யா, நான் வளத்த கிடா, பேரு பீரங்கி'ன்னு நான் முந்திக்கிட்டேன். அப்ப வெக்கத்துல சொன்னது இல்லை சார் அது. அவ சித்திரையில சொன்னது ஞாபகம் வந்துருச்சு, கேசு ஆனா வேலை கிடைக்காதுன்னு. மூணு எலும்பு ஒடைஞ்சு கெடக்கேன், அப்பத்தான் எனக்குப் புத்தியில ஏறுது, இவ மைசூரு போனாத்தான் என்னன்னு. ஏட்டய்யா எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. இவ அன்னைக்குச் சாயங்காலமே மைசூருக்குப் பஸ் ஏறிட்டா.

அஞ்சு நாளும் முடிஞ்சு வந்தா. நேரா வார்டுக்கு. அம்பது பேரு போனதுல நாலு பேரைத்தான் எடுத்தாகளாம், அதுல இவ ஒருத்தி. கொண்டுவந்த மைசூர் பாகுல ஒண்ணை எடுத்து எனக்கு ஊட்டிவிட்டா. கை ரெண்டும் கட்டுல இருக்குல்ல. ஊட்டிக்கிட்டே சொல்றா, 'அன்னைக்கு ஏட்டய்யா என்னையக் கேக்கலை மாமா. கேட்டிருந்தா நான் அடிச்சேன்னு சொல்லியிருப்பேன். இனிமே யார் கேட்டாலும் சொல்லிருவேன். பீரங்கி மேல பழி போடாதீங்க'ன்னு. நான் இன்னொரு துண்டுக்கு வாயைத் தொறந்தேன்.

அப்பறம் வந்துச்சு பாருங்க வினை. எங்க ஊர்ல ஒரு மொறை இருக்கு. வளத்தவனையே முட்டுன கிடாவை வீட்டுல வச்சிருக்கக் கூடாது. அதுமேல ஆகாத சாமி ஏறிருச்சுன்னு அர்த்தம், கோயில்ல வெட்டிரணும். பூசாரி ஆள் விட்டுட்டாரு. முடியாதுன்னு சொல்லலாம். சொன்னா, ஏன் முடியாதுங்கிறான், அப்ப முட்டினது கிடா இல்லையான்னு பேச்சு வரும். பேச்சு ஸ்டேசன் வரைக்கும் வரும். மாட்டிக்கிட்டேன் சார், நல்லா மாட்டிக்கிட்டேன்.

அவ வேண்டாம்னா. அழுதா சார். ஒதடு கிழிஞ்சப்ப அழுகாதவ, அம்மாவ மிதிச்சப்ப அழுகாதவ. 'நான் ஊருக்கு முன்னால வந்து சொல்றேன் மாமா, அவனை விட்ருங்க'ன்னா. அவளை வீட்டுக்குள்ள விட்டு வெளியில பூட்டிட்டுப் போனேன். கடைசி ஆடி வெள்ளி. மஞ்சத்தண்ணி தெளிச்சாத்தான் கிடா தலையாட்டும், தலையாட்டுனாத்தான் வெட்டுவாக. பீரங்கி ஆட்டவே இல்லை. எம் முகத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறான். நான் கட்டுப் போட்ட கையோட பக்கத்துல போயி, பருத்திக்கொட்டையைக் காட்டுற மாதிரி கையைக் காட்டுனேன். தின்னத்தான் குடுக்கிறேன்னு நெனச்சுக் குனிஞ்சான், அதையே தலையாட்டுனதா எடுத்துக்கிட்டாக. வெட்டுனவன் புதுப்பய. ஒரே வெட்டுல போகலை. எழுபது முட்டுக்கும் அசையாத கழுத்து சார், லேசுல போகுமா? மூணு வெட்டு. என் வேட்டியெல்லாம் அவன் ரத்தம். ராசாமணி அழுதானேன்னு சிரிச்சேன்ல, அன்னைக்கு நான் அழுதேன். ஊரே பாத்துச்சு.

கறியை ஊர் தின்னுச்சு. நாங்க தொடலை. கொம்பை மட்டும் வாங்கிட்டு வந்து மாட்டினேன். எம் மருமக தெனமும் காலையில அதைத் தொட்டுட்டுத்தான் ஓடப் போறா. தை மாசம் ஐதராபாத்து பக்கத்துல பயிற்சியாம். யூனிபார்ம் போட்டு எடுக்கிற மொத போட்டோவை இந்தக் கொம்புக்குக் கீழதான் மாட்டணும்னு சொல்லியிருக்கேன். அவ...

என்னா சார், பேனாவை வைக்க மாட்டேங்கிறீக? இம்புட்டு நேரம் எழுதுனது எல்லாம் என்னா?

ஆஸ்பத்திரியில சொன்னது பொய்யான்னா... இல்லை சார், அது... நான் என்னா சொன்னேன்? அடிச்சான்னா சொன்னேன்? வெளையாட்டுக்குச் சொன்னேன் சார். ராசாமணி பயந்த பொண்ணுன்னு சொன்ன கோவத்துல, நம்ம புள்ளையைப் பத்திக் கூட ரெண்டு ஏத்திச் சொன்னேன். ஒரு கேசும் இல்லாத புள்ளை சார். யார் சொன்னாலும் சரி, அந்த ராசாமணி சொன்னதுதான் சரி. அமைதியான பொண்ணு. பயந்த பொண்ணு. நிமிந்து பாக்காது. அவன் சொன்னதை அழிக்கலைல்ல? அழிக்காதீக சார், அது அப்பிடியே இருக்கட்டும். நான் சொன்னதைக் கிழிச்சுருங்க. இந்தக் கை தூக்க வராது, இந்தக் கைப் பெருவிரலை உருட்டிக் கைநாட்டு வைக்கிறேன். முட்டினது கிடா. பேரு பீரங்கி. கோயில்ல வெட்டியாச்சு, ஊரே சாட்சி. கொம்பைக் கழட்டித் தரவா? தொட்டுப் பாருங்க, இதுல ஒரு முட்டு விழுந்தா காறை எலும்பு ஒடையாதா? ஒடையுமா ஒடையாதா, நீங்களே சொல்லுங்க.

அய்யோ, பஸ் வந்துருச்சு. அந்தா எறங்கிட்டாக. நீலச் சுடிதாரு அவதான். வேகமா நடக்கிறா பாருங்க, உங்க வண்டியைப் பாத்துட்டா.

சார், சார், ஒரு நிமிசம், எந்திரிக்காதீக. அவ வந்ததும் பேரைக் கேளுங்க, படிப்பைக் கேளுங்க, எம்புட்டு ஒசரம்னு கேளுங்க. கிடாவைப் பத்தி மட்டும் கேட்றாதீக. உங்களைக் கும்புட்டுக் கேக்கிறேன், ஒத்தக் கையாலதான் கும்புட முடியுது, தப்பா நெனைக்காதீக. அவளுக்குப் பொய் சொல்ல வராது சார். என்னையக் கேளுங்க. எத்தனை தடவை வேணாலும் என்னையவே கேளுங்க.